வாடகைச் சுவரும் கேட்காமல் அடித்த நீலமும்: கேள்வி - பதில்

பொங்கலுக்கு முன் வெள்ளையடிக்கிற காலம் என்பதாலோ என்னவோ, இம்முறை வந்த கேள்விகள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கின்றன. வாடகை வீட்டில் ஓனரைக் கேட்காமல் எதைச் செய்யலாம், செய்தாகிவிட்டது என்றால் எப்படிச் சமாளிப்பது? தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஊர்களிலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்குப் பதில் இங்கே.

கேள்வி: ஓசூர் பாகலூர் சாலைப் பக்கம் இரண்டு வருஷமாகக் குடியிருக்கிறோம். ஓனர் வெளியூரில் இருந்ததால் கேட்காமலே ஹாலில் நான்கு சுவருக்கும் அடர் நீலம் அடித்துவிட்டோம். இப்போது காலி செய்கிறோம். "வீடு முழுக்கப் பெயிண்ட் அடிக்கணும், ஒன்றரை மாத வாடகையை அட்வான்ஸில் பிடிச்சுக்குவேன்" என்கிறார். இது சரியா?

பதில்: கேட்காமல் அடித்தது உங்கள் தப்பு. அதைச் சாக்காக வைத்து வீடு முழுவதையும் உங்கள் தலையில் கட்டப் பார்ப்பது அவர் தப்பு. இரண்டையும் பிரித்துப் பேசினால்தான் தீரும்.

2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வீட்டை வாங்கிய நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. புழக்கத்தால் வரும் சாதாரணத் தேய்மானத்துக்குக் குடியிருப்பவர் பொறுப்பில்லை. அதே சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில், சுவருக்கு வெள்ளையடிப்பதும் கதவு ஜன்னலுக்குப் பெயிண்ட் அடிப்பதும் ஓனர் செய்ய வேண்டிய வேலைகளாக எழுதப்பட்டுள்ளன. ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால் மட்டும் கதை மாறும். படுக்கையறைச் சுவரில் தலையெண்ணெய்க் கறை, சோபா உரசிய தடம், வெயிலில் வெளுத்த நிறம் எல்லாம் தேய்மானம். அடர் நீலம் தேய்மானத்தில் வராது. ஆக, ஹால் உங்கள் பொறுப்பு, மற்ற அறைகள் அவர் பொறுப்பு.

ஹாலிலும்கூட இன்னொரு கணக்கு உண்டு. அடுத்த குடித்தனம் வருமுன் ஓனர் எப்படியும் வெள்ளை அடிக்கத்தான் போகிறார். நீலத்தால் அதற்கு மேல் கூடுகிற செலவு, அதாவது பிரைமர் (பெயிண்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), கூடுதல் கோட், அதற்கான கூலி, இவைதான் நியாயப்படி உங்கள் பங்கு. சட்டத்தில் எழுதிய சூத்திரம் அல்ல இது, பேசித் தீர்க்க உதவும் அளவுகோல்.

ஓசூரில் பெங்களூரு வழக்கம் ஒட்டிக்கொண்டு, காலி செய்யும்போது ஒரு மாத வாடகையைப் 'பெயிண்டிங்' என்று கழிப்பது பலரிடம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் அந்த வரி இருந்தால் அதோடு மல்லுக்கட்டுவது கடினம். இல்லையென்றால், வழக்கம் என்ற ஒரே காரணத்துக்காகக் கொடுக்க வேண்டியதில்லை.

எங்கள் யோசனை: சாவி கொடுக்கும் முன் ஹாலை நீங்களே ஆள் வைத்து வெள்ளையாக்கிவிடுங்கள். ஓனர் கணக்குப் போட்டுக் கழிப்பதைவிட அநேகமாக இது மலிவாக முடியும். 12-க்கு 14 அடி ஹால், 10 அடி உயரம் என்று வைத்துக்கொண்டால் சுற்றளவு 52 அடி, சுவர்ப் பரப்பு 520 சதுர அடி. இரண்டு கதவு, இரண்டு ஜன்னலைக் கழித்தால் 445 வரும். பிரைமர் லிட்டருக்குச் சுமார் 100 சதுர அடி பிடிக்கும், எனவே நான்கரை லிட்டர். எமல்ஷன் இரண்டு கோட்டுக்கு லிட்டருக்கு 50 முதல் 60 சதுர அடிதான், எனவே எட்டு ஒன்பது லிட்டர். 10 லிட்டர் டப்பா ஒன்று வாங்கினால் போதும்.

வேலையின் வரிசை முக்கியம். முதலில் 180 நம்பர் உப்புத்தாளால் நீலத்தின் மினுமினுப்பு போகும்வரை தேய்க்க வேண்டும். பளபளப்பான பெயிண்ட் மேல் புதுப் பெயிண்ட் பிடிக்காது, நகத்தால் கீறினாலே தோல் போல உரியும். தூசியை ஈரத்துணியால் துடைத்து, காய்ந்தபின் பிரைமர். அது காய நான்கு முதல் ஆறு மணி நேரம் விடுங்கள். பிறகு முதல் கோட், இன்னொரு நான்கு மணி நேரம், இரண்டாம் கோட். பெயிண்டர் "பிரைமர் வேண்டாம் சார், மூணு கோட் வெள்ளை அடிச்சிடலாம்" என்பார். ஒத்துக்கொள்ளாதீர்கள். பிரைமர் விலை குறைவு, மூடும் சக்தி அதிகம். பிரைமர் இல்லாமல் அடித்தால் மூன்று கோட்டுக்கு அப்புறமும் மூலைகளில் நீலச்சாயை தெரியும். மார்கழிக் குளிரில் ஓசூரில் பெயிண்ட் காய இன்னும் நேரமாகும். மாலை நான்கு மணிக்கு மேல் கடைசிக் கோட்டைத் தொடங்காதீர்கள்.

நிறத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். பழைய 'வெள்ளை' பெரும்பாலும் சுத்த வெள்ளையாக இருக்காது, கொஞ்சம் கிரீம் கலந்திருக்கும். ஸ்விட்ச் போர்டுக்குப் பின்னாலோ அலமாரி உட்புறத்திலோ பழைய பெயிண்ட் ஒட்டியிருக்கும் துணுக்கை ஒரு ரூபாய் நாணய அளவுக்குப் பெயர்த்துக் கடைக்குக் கொண்டுபோங்கள். கலர் மிஷின் உள்ள கடையில் பார்த்துக் கலந்து தருவார்கள். அந்த கலர் நம்பரைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

மிச்ச அட்வான்ஸைக் காலி செய்து ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பது அதே சட்டம். தராவிட்டால் வாடகை நீதிமன்றத்தில் மனுப் போடலாம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வேண்டிய வழக்கு அல்ல இது. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியும் இருக்க வேண்டும். பதியாத ஒப்பந்தத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாதாடுவது கரையான் அரித்த ஏணியில் ஏறுவது போலத்தான்.

கேள்வி: தருமபுரி பென்னாகரம் சாலையில் வாடகை வீடு. போர் தண்ணீரில் புளோரைடு இருக்கிறது என்று ஆர்.ஓ. மிஷின் வாங்கிவிட்டோம். சமையலறை டைல்ஸில் ஓட்டை போடக் கூடாது என்று ஓனர் அம்மா கண்டிப்பாகச் சொல்கிறார். வேறு வழி உண்டா?

பதில்: உண்டு. அதற்கு முன் ஒரு விஷயம். மிஷின் தேவையா என்று பார்த்தீர்களா? ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் உங்கள் தெருக் குழாயில் வருகிறதென்றால் குடிக்கவும் சமைக்கவும் அதைப் பிடித்து வைத்தால் போதும். அந்தத் திட்டமே இந்த இரண்டு மாவட்டங்களின் புளோரைடு பிரச்சினைக்காக வந்ததுதான். போர் தண்ணீர்தான் கதி என்றால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைக் கொடுத்துப் பாருங்கள். லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு தண்ணீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம் என்பது இந்தியத் தர நிர்ணய அளவு. கடைக்காரர் பேனா போன்ற ஒரு மீட்டரைத் தண்ணீரில் விட்டுக் காட்டுவாரே, அது டி.டி.எஸ். மீட்டர். மொத்த உப்பைத்தான் காட்டும், புளோரைடைத் தனியாகக் காட்டாது. புளோரைடு கொதிக்க வைத்தாலும் போகாது. யு.வி. விளக்கு மட்டும் உள்ள மிஷினும் அதை எடுக்காது. ஆர்.ஓ. எடுக்கும்.

ஓட்டை போடாமல் மாட்ட, மிஷினை மேடை மேல் வைக்கும் ஸ்டாண்டு வாங்குங்கள். இரும்பு ஸ்டாண்டை விட ஸ்டீல் ஸ்டாண்டு நல்லது, ஈரத்தில் இரும்பு துருவேறிக் கிரானைட் மேடையில் கறை விடும். தண்ணீர் இணைப்புக்குச் சுவருக்குள் கை வைக்க வேண்டியதில்லை. சிங்க் குழாயைக் கழற்றி, சுவருக்கும் குழாய்க்கும் நடுவே அரை அங்குல டி-வால்வு ஒன்றை டெஃப்லான் டேப் சுற்றி முடுக்கினால், அதிலிருந்து மிஷினுக்குச் சின்னக் குழாய் போகும். காலி செய்யும்போது டி-வால்வைக் கழற்றிப் பழைய குழாயை மாட்டினால் வந்த தடமே தெரியாது. ஓவர்ஹெட் தொட்டி மிஷினுக்கு மிக அருகில், தாழ்வாக இருந்தால் அழுத்தம் போதாமல் மிஷின் திணறும். பம்பு உள்ள மாடலா என்று பார்த்து வாங்குங்கள். கழிவு நீர்க் குழாயைச் சிங்க்குக்குள் தொங்கவிடாமல் ஒரு பக்கெட்டுக்கு விடுங்கள். ஒரு லிட்டர் நல்ல நீருக்கு இரண்டு மூன்று லிட்டர் வெளியே போகும். பாத்திரம் கழுவ, தரை துடைக்க அது போதும். செடிக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள், உப்பு கூடுதலாக இருக்கும்.

ஓனர் அம்மா பின்னர் மனம் மாறி "சரி, ரெண்டு ஓட்டை போட்டுக்கோ" என்றால், கம்பெனியிலிருந்து வரும் பையனிடம் விட்டுவிடாமல் கூட நின்று பாருங்கள். டைல்ஸ் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் இரண்டுதான். ஒன்று, ட்ரில்லில் ஹேமர் பட்டனைப் போட்டபடியே டைல்ஸைத் துளைப்பது. டைல்ஸ் தாண்டும்வரை ஹேமரை அணைத்து, ஈட்டி முனை டைல்ஸ் பிட்டால் மெதுவாகச் சுற்ற வேண்டும். வழுக்காமலிருக்கக் குறியிட்ட இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி, நடுநடுவே சொட்டுத் தண்ணீர் விட வேண்டும். டைல்ஸ் தாண்டிய பிறகு கான்கிரீட் பிட், தேவையென்றால் ஹேமர். இரண்டாவது காரணம் யாரும் கவனிக்காதது: ராவல் பிளக் (ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகும் பிளாஸ்டிக் உறை) டைல்ஸின் கனத்துக்குள்ளேயே நின்றுவிட்டால், ஸ்க்ரூ முடுக்கும்போது பிளக் விரிந்து டைல்ஸைப் பிளக்கும். பிளக்கை டைல்ஸைத் தாண்டி உள்ளே தள்ளிவிட்டு முடுக்க வேண்டும். குழாய்க்கு நேர் மேலேயும், வெந்நீர், தண்ணீர்க் குழாய் இரண்டுக்கும் நடுவிலும் துளைக்கவே கூடாது. உள்ளே பைப் ஓடும். இரண்டு பக்கமும் அரை அடி தள்ளிக் குறியிடுங்கள்.

கேள்வி: பொங்கலுக்கு வீட்டை வெள்ளையடித்துத் தரச் சொன்னால் "குடியிருக்கிறவங்கதான் அடிச்சுக்கணும்" என்கிறார் ஓனர். காவேரிப்பட்டணம்.

பதில்: ஒப்பந்தத்தில் அப்படி எழுதியிருக்கிறதா? இல்லையென்றால் அவர் பொறுப்புதான். ஆனால் வருஷா வருஷம் பொங்கலுக்கு அடித்தே தர வேண்டும் என்றும் சட்டத்தில் இல்லை. பேசிப் பார்த்து, அவர் பொருள் வாங்கித் தர, கூலி நீங்கள் கொடுப்பது என்று முடித்துக்கொள்ளுங்கள்.

நீங்களே அடிப்பதானால் பழைய சுவரில் என்ன இருக்கிறது என்று உள்ளங்கையால் ஒரு முறை தேய்த்துப் பாருங்கள். கையில் மாவு போல வெள்ளை ஒட்டினால் அது சுண்ணாம்பு, அல்லது மட்டமான டிஸ்டெம்பர். அதன் மேல் நேராக எமல்ஷன் அடித்தால் ஆறு மாதத்தில் அப்பளம் போலப் பொரிந்து விழும், பழியும் உங்கள் மேல்தான். நன்றாகச் சுரண்டி, கழுவி, காயவிட்டு, பிரைமர் அடித்துத்தான் எமல்ஷன். எதிர்ப்பக்கமும் அப்படித்தான். எமல்ஷன் மேல் சுண்ணாம்பு அடித்தால் பிடிக்காமல் உதிரும். சுண்ணாம்புச் சுவருக்குச் சுண்ணாம்பே அடித்துவிட்டுப் போவது ஒன்றும் குறைச்சல் இல்லை.

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் பழைய வீடு. படுக்கையறைச் சுவரில் கீழே இரண்டு மூன்று அடிக்கு ஓதம் ஏறிப் பெயிண்ட் உதிர்கிறது. ஒட்டும் வால்பேப்பர் வாங்கி மறைத்துவிடலாமா? எவ்வளவு வாங்க வேண்டும்?

பதில்: வேண்டாம். ஒரு ரோல்கூட வாங்காதீர்கள்.

ஓதம் என்பது சுவருக்குள் ஏறும் தண்ணீர். அது வெளியே வந்து காய வேண்டும். பின்பக்கம் பசை தடவிய பி.வி.சி. தாளை ஒட்டினால் காயும் வழி அடைபட்டு, ஈரம் இன்னும் மேலே ஏறும். தாளுக்குப் பின்னால் கறுப்புப் பூஞ்சை பிடிக்கும், அறை முழுக்கப் பழைய சாக்கு வாடை வரும். காலி செய்யும்போது தாளை உரித்தால் பட்டியோடு சேர்ந்து பூச்சும் பெயரும். அப்போது "நீங்க ஒட்டினதாலதான் சுவர் போச்சு" என்று ஓனர் சொன்னால் மறுக்க வழியில்லை. அவர் செலவு செய்ய வேண்டிய குறையை உங்கள் குறையாக மாற்றிக்கொள்கிறீர்கள்.

முதலில் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓரடிச் சதுர பிளாஸ்டிக் தாளை நான்கு ஓரமும் காற்றுப் போகாமல் டேப் போட்டு ஓதம் உள்ள இடத்தில் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளின் உட்பக்கம், சுவரைப் பார்த்த பக்கம், வியர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வியர்த்திருந்தால் அறையின் ஈரக்காற்று குளிர்ந்த சுவரில் படிகிறது. அதற்கு ஜன்னலைத் திறந்து வைத்து, கட்டிலையும் பீரோவையும் சுவரிலிருந்து கை அகலம் தள்ளினாலே பாதி குறையும். சுவருக்குள்ளிருந்து என்றால், பின்பக்கச் சுவரில் குளியலறை இருக்கிறதா, மாடித் தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம் ஒழுகுகிறதா, வெளியே மண் தரைமட்டத்துக்கு மேல் ஏறிக் கிடக்கிறதா என்று பாருங்கள். மழைத் தண்ணீர் சுவரோரம் தேங்குவதுகூடக் காரணமாக இருக்கும்.

இவையெல்லாம் கட்டட ரிப்பேர், ஓனர் செய்ய வேண்டியவை. படம் எடுத்து, தேதி போட்டு, எழுத்தில் தெரிவியுங்கள். கேட்டும் அவர் செய்ய மறுத்தால், நீங்களே செய்து செலவை வாடகையில் கழித்துக்கொள்ளச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஒரு மாதத்தில் பாதி வாடகைக்கு மேல் கழிக்கக் கூடாது. பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

வால்பேப்பர் ஆசை விடவில்லையென்றால் காய்ந்த, எமல்ஷன் அடித்த உட்சுவரில் ஒட்டுங்கள். பெரிய ரோல் 53 சென்டிமீட்டர் அகலம், 10 மீட்டர் நீளம், சுமார் 57 சதுர அடி. பூ டிசைன் பொருத்துவதில் வீணாவதையும் சேர்த்து ஒரு ரோலுக்கு 50 என்று கணக்கிடுங்கள். பத்தடிக்குப் பத்தடிச் சுவருக்கு இரண்டு ரோல். எடுக்கும்போது ஹேர் டிரையரால் சூடு காட்டி, மேல் மூலையிலிருந்து சுவரை ஒட்டியபடியே மெதுவாகக் கீழே இழுக்க வேண்டும். வெடுக்கென்று நேராக இழுத்தால் பெயிண்டும் கூடவே வரும்.

கேள்வி: நாங்கள் காசு போட்டு மாட்டிய ஃபேன், பரணுக்குப் போட்ட பி.வி.சி. கதவு, ஜன்னல் கொசுவலை இதையெல்லாம் எடுத்துப்போகலாமா?

பதில்: எடுக்கலாம். 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு, குடியிருப்பவர் தாம் பொருத்தியதைக் கழற்றிப் போகலாம் என்கிறது. இரண்டு நிபந்தனை: வீடு கையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும், இடத்தைப் பழைய நிலையில் விட வேண்டும். சாவி கொடுத்த பிறகு "ஃபேனை எடுத்துக்க வரேன்" என்பது வம்பு. ஸ்க்ரூ ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்து, 220 நம்பர் தாளால் தேய்த்து, சுவர்ப் பெயிண்டைத் தொட்டு வையுங்கள். வெல்க்ரோ கொசுவலை விட்டுப்போகும் பிசினை மண்ணெண்ணெய் தொட்ட பஞ்சால் எடுக்கலாம், பெயிண்ட் அடித்த ஜன்னல் என்றால் தேங்காய் எண்ணெயை ஊறவிட்டு எடுப்பது பத்திரம். ஆனால் பழைய ஃபேனைக் கழற்றி எங்காவது வைத்திருந்தால் அதைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் போக வேண்டும். பலர் மறப்பது அதுதான்.

கேள்வி: தருமபுரியில் மாடி வீடு, சித்திரை வெயிலில் இருக்க முடியவில்லை. ஒன்றரை டன் ஸ்ப்ளிட் ஏ.சி. போட வேண்டும். கேட்டால் ஓனர் மறுப்பார் என்று பயம். போட்டுவிட்டுச் சொல்லலாமா?

பதில்: இதில் மட்டும் வேண்டவே வேண்டாம். பெயிண்ட் என்றால் நிறம்தான் சண்டை. ஏ.சி.யில் சுவர், வயரிங் இரண்டிலும் கை வைக்கிறீர்கள், வயரிங் தவறினால் தீப்பிடிக்கும்.

ஒன்றரை டன் ஏ.சி.க்கு, வீட்டு லைன்களெல்லாம் பிரியும் டி.பி. பாக்ஸிலிருந்து நேராக 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர், தனி 20 ஆம்பியர் எம்.சி.பி. (லோடு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்), நல்ல எர்த் வேண்டும். பழைய வீடுகளில் லைட் லைனில் ஓடும் ஒன்றரை சதுர மில்லிமீட்டர் வயரில் மாட்டினால் சுவருக்குள்ளேயே வயர் சூடாகி இன்சுலேஷன் உருகும். ஸ்விட்ச், சாக்கெட் ரிப்பேர் குடியிருப்பவர் வேலை, வயரிங் மாற்றுவது ஓனர் சமாச்சாரம். எனவே அனுமதி இல்லாமல் இது நகராது.

குழாய்க்கு இரண்டரை அங்குல ஓட்டை வேண்டும். செங்கல் சுவரில், வெளியே பார்த்துச் சற்றுச் சரிவாகப் போட வேண்டும். உள்ளே சரிந்தால் மழைத் தண்ணீர் படுக்கையில் சொட்டும். பீம், தூண், ஜன்னல் மேல் லிண்டல் இவற்றைத் தொடக்கூடாது. உள்ளே கம்பி இருக்கிறது. அவுட்டோர் யூனிட்டைச் சன்ஷேடில் ஏற்றாதீர்கள், அது எடை தாங்கக் கட்டியதல்ல. ஹாலோபிளாக் சுவரில் ஆங்கர் போல்ட்டும் நிற்காது. மொட்டை மாடியில் தரை ஸ்டாண்டு வைப்பதே நல்லது. குழாய் நீளம் கூடினால் செலவு கூடும், பரவாயில்லை.

ஓனரைச் சம்மதிக்க வைக்க எளிய வழி ஒன்று: "வயரிங், எம்.சி.பி. செலவு என்னுடையது, போகும்போது அப்படியே விட்டுவிட்டுப் போகிறேன்" என்று சொல்லுங்கள். அடுத்த குடித்தனத்துக்கு "ஏ.சி. பாயிண்ட் உள்ள வீடு" என்று சொல்லி வாடகை கேட்கலாம் என்று அவருக்கே தோன்றும். காலி செய்யும்போது ஏ.சி. கழற்ற வருபவரிடம் கேஸை அவுட்டோருக்குள் இழுத்துப் பூட்டிய பிறகே குழாயைக் கழற்றச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது வீட்டில் கேஸ் நிரப்பும் செலவு தனி.

கேள்வி: நான் ஓனர். கிருஷ்ணகிரியில் கீழ்வீட்டில் குடியிருப்பவர்கள் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுச்சுவரைக் கேட்காமல் இடித்து 'ஓபன் கிச்சன்' ஆக்கிவிட்டார்கள். மேலே நாங்கள் இருக்கிறோம். தண்ணீர், கரெண்டை நிறுத்திக் காலி செய்ய வைக்கலாமா?

பதில்: நிறுத்தாதீர்கள். தண்ணீர், மின்சாரம் போன்ற அத்தியாவசியங்களை ஓனர் தடுப்பதைச் சட்டம் தடை செய்கிறது. உங்கள் பக்க நியாயம் வலுவாக இருக்கும்போது இதைச் செய்தால் நீங்கள்தான் குற்றவாளி ஆவீர்கள்.

சண்டைக்கு முன் உயிர். 24 மணி நேரம் முன்னதாக எழுத்தில் சொல்லிவிட்டு, பகல் வேளையில் ஒரு சிவில் இன்ஜினியரோடு உள்ளே போய்ப் பாருங்கள். தூண் போட்ட வீட்டில் நாலரை அங்குலத் தடுப்புச் சுவர் என்றால் பெரும்பாலும் ஆபத்தில்லை. தூண் இல்லாமல் ஒன்பது அங்குலச் சுவர்களே மாடியைத் தாங்கும் பழைய வீடு என்றால், இடித்தது உங்கள் காலுக்கடியில் இருந்த தாங்கலை. மேல் ஸ்லாபிலும் பக்கச் சுவர்களிலும் விரிசல் இருக்கிறதா பாருங்கள். ஒவ்வொரு விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஒரு வாரத்தில் விரிசல் கோட்டைத் தாண்டினால் அது வளர்கிறது. இன்ஜினியர் சந்தேகப்பட்டால் அன்றே இரும்பு முட்டுக் கொடுத்து நிறுத்துங்கள், பிறகுதான் மற்றது.

அதன்பின் வக்கீல் மூலம் நோட்டீஸ். கட்டடத்தை இடிக்கவோ சேதப்படுத்தவோ கூடாது என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. கட்டடத்துக்குச் சேதம் உண்டாக்கும் பயன்பாட்டை, நோட்டீஸ் கொடுத்தும் நிறுத்தாவிட்டால், வாடகை நீதிமன்றத்தில் வீட்டைத் திரும்பக் கேட்க அது ஒரு காரணம். சுவரைத் திரும்பக் கட்டும் செலவுக்கு இன்ஜினியரின் மதிப்பீட்டுக் கடிதத்தை வாங்கி வையுங்கள். வாய்க் கணக்குக்கு அட்வான்ஸைக் கழித்தால் நிற்காது.

கேள்வி: ஒட்டும் கொக்கிகள் நம்பலாமா?

பதில்: டைல்ஸ், கண்ணாடி, லேமினேட்டில் நம்பலாம், அட்டையில் எழுதிய எடையில் பாதிக்கு. சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் சுவரில் கொக்கியோடு சுவரின் தோலும் விழும். சாமி படத்துக்கும் சுவர்க் கடிகாரத்துக்கும் ஒரு நல்ல ஓட்டையே மேல்: 6 மில்லிமீட்டர் பிட், அதே அளவு பிளக், ஒன்றரை அங்குல ஸ்க்ரூ. ஆணியைச் சுத்தியலால் அடிப்பதுதான் பூச்சை வட்டமாகப் பெயர்க்கிறது.

கேள்வி: அனுமதியை எப்படிக் கேட்பது? வாய்ச்சொல் போதாதா?

பதில்: வாய்ச்சொல் கொடுத்தவர் வீட்டை மகனுக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் போச்சு. வாட்ஸ்அப்பில் இப்படி ஒரு வரி போதும்:

"வணக்கம் ஐயா. தெருப்பக்க படுக்கையறையில் மட்டும் ஒரு சுவருக்கு வெளிர் பச்சை எமல்ஷன் அடிக்க விரும்புகிறோம், கலர் நம்பர் கீழே உள்ளது. செலவு எங்களுடையது. காலி செய்யும்போது பழைய நிறத்துக்கு மாற்றித் தர வேண்டுமா, அப்படியே விடலாமா? ஆணி அடிக்க வேண்டிய இடம் மூன்று, படம் அனுப்பியுள்ளேன்."

இதில் எந்த இடம், எந்தப் பொருள், யார் செலவு, போகும்போது என்ன என்ற நான்கும் இருக்கின்றன. நான்காவதைத்தான் எல்லோரும் கேட்க மறக்கிறார்கள், அட்வான்ஸ் தகராறு அங்கேதான் முளைக்கிறது. ஓனர் "சரி" என்று ஒரு சொல் அனுப்பினாலும் போதும். அதைப் படம் பிடித்து வைத்தால் மட்டும் போதாது, போனை மாற்றும்போது அந்த உரையாடலையும் கொண்டுபோங்கள். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் உள்ள புதிய சாட்சியச் சட்டப்படி மின்னணுப் பதிவை நீதிமன்றத்தில் காட்ட, 63-ஆம் பிரிவுச் சான்றிதழும் இணைக்க வேண்டும்.

குடிவந்த அன்றே ஒவ்வொரு அறையையும் நான்கு மூலையிலிருந்தும் படம் எடுத்து ஓனருக்கே அனுப்பி வைத்துவிடுங்கள். டைல்ஸில் ஏற்கெனவே உள்ள கீறலைப் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுத்தால் அளவு தெரியும். வேலை முடிந்ததும் மிச்சப் பெயிண்டை இறுக மூடி, மூடிமேல் அறைப் பெயரையும் கலர் நம்பரையும் எழுதிப் பரணில் வைத்துவிட்டுப் போங்கள். அடுத்த ஆணி ஓட்டையை அடைக்க ஓனர் அதைத்தான் தேடுவார்.